எக்ஸான் வால்டீஸ் இழப்பீட்டு வழக்கு

எக்ஸான் வால்டீஸ் இழப்பீட்டு வழக்கு என்பது, 1989-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலக் கடலில் ஏற்பட்ட எண்ணெய்க் கசிவால் வாழ்வாதாரம் இழந்த மீனவர்களும் பழங்குடியினரும் பிறரும் எக்ஸான் நிறுவனத்துக்கு எதிராக நடத்திய வழக்காகும். கீழ் நீதிமன்றத்தில் தொடங்கி அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 2008-இல் முக்கியத் தீர்ப்பைப் பெற்ற இவ்வழக்கு, கடல் மாசுபாட்டில் யாருக்கு இழப்பீடு கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும் என்னும் இரு கேள்விகளுக்கான விடையை மாற்றியமைத்தது.

விபத்து

1989 மார்ச் 23 இரவு வால்டீஸ் துறைமுகத்திலிருந்து கலிபோர்னியாவின் லாங் பீச் நோக்கிப் புறப்பட்ட எக்ஸான் வால்டீஸ் கப்பல், பனிக்கட்டிகளைத் தவிர்க்க வழக்கமான தடத்தை விட்டு விலகியது. நள்ளிரவு கடந்து சில நிமிடங்களில், பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்னும் கடற்பகுதியில் உள்ள பிளை பாறைத்திட்டில் மோதியது. ஏறத்தாழ 1.1 கோடி காலன் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. எண்ணெய் சுமார் 2,100 கிலோமீட்டர் நீளக் கடற்கரையை எட்டியது. ஏறத்தாழ 2.5 லட்சம் கடற்பறவைகளும் 2,800 கடல் நீர்நாய்களும் இறந்திருக்கலாம் என மதிப்பிடப்பட்டது.

மோதிய நேரத்தில் கப்பல் தலைவர் ஜோசப் ஹேசல்வுட் கப்பலைச் செலுத்தும் மேடையில் இல்லை. அவருக்கு மதுப்பழக்கச் சிக்கல் இருந்ததும், அது நிறுவனத்துக்குத் தெரிந்திருந்ததா என்பதும் பின்னர் வழக்கின் மையமாயின. குற்றவியல் வழக்கில் போதையில் கப்பலை இயக்கிய குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். கவனக்குறைவாக எண்ணெயை வெளியேற்றியதற்காக மட்டும் தண்டிக்கப்பட்டார்.

அரசுகளுக்குக் கிடைத்த தொகை

தூய்மைப்பணிக்கு எக்ஸான் சுமார் 210 கோடி டாலர் செலவிட்டது. 1991-இல் அமெரிக்க நடுவண் அரசும் அலாஸ்கா மாநில அரசும் நிறுவனத்துடன் உடன்பாடு செய்துகொண்டன. அதன்படி இயற்கைவளச் சேதத்துக்காகப் பத்து ஆண்டுகளில் 90 கோடி டாலர் தருவதாக எக்ஸான் ஒப்புக்கொண்டது. குற்றவியல் அபராதமாக விதிக்கப்பட்ட 15 கோடி டாலரில், தூய்மைப்பணியில் ஒத்துழைத்ததைக் கருதி 12.5 கோடி தள்ளுபடி செய்யப்பட்டது. இவற்றோடு 10 கோடி டாலர் மீட்புத் தொகையும் செலுத்தப்பட்டது. முன்கூட்டி அறிய முடியாத சேதம் பின்னாளில் தெரிய வந்தால், மேலும் 10 கோடி டாலர் வரை கோரலாம் என்ற விதியும் சேர்க்கப்பட்டது. 2006-இல் அவ்வாறு 9.2 கோடி டாலர் கோரப்பட்டது. ஆயினும் 2015-இல் அரசுகள் அக்கோரிக்கையைத் தொடர வேண்டாம் என முடிவு செய்தன.

இந்த உடன்பாடு கடலுக்கும் கரைக்கும் ஆனது. வலை வீச முடியாமல் கரையில் நின்றவர்கள் தனியே வழக்காட வேண்டியிருந்தது.

யார் பாதிக்கப்பட்டவர்?

அமெரிக்கக் கடல்சார் சட்டத்தில் 1927-ஆம் ஆண்டின் ராபின்ஸ் டிரை டாக் தீர்ப்பு நெடுங்காலமாக ஓர் எல்லைக்கோடாக இருந்தது. ஒருவருடைய உடைமைக்கு நேரடிச் சேதம் ஏற்படாமல் வருமானம் மட்டும் குறைந்தால், அதற்கு இழப்பீடு கோர முடியாது என்பது அதன் சாரம். ஒரு விபத்தின் விளைவுகள் முடிவின்றி நீளும். எங்கேனும் ஓரிடத்தில் பொறுப்பை நிறுத்த வேண்டும் என்பது இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். எண்ணெய் வரத்துத் தடைப்பட்டுப் பெட்ரோல் விலை ஏறியது எனக் கலிபோர்னிய நுகர்வோர் தொடுத்த வழக்கு, தொடர்பு மிகத் தொலைவானது என்று 1992-இல் தள்ளுபடியானது.

மீனவர்களுக்கு மட்டும் இவ்விதியில் விலக்கு உண்டு. மீன் அவர்களுடைய உடைமை அல்ல எனினும், கடலின் வளத்தையே நேரடியாக நம்பி வாழ்பவர்கள் என்பதால் நீதிமன்றங்கள் அவர்களது கோரிக்கையை ஏற்றன. அவர்களை ஒட்டி வாழ்ந்த பிற தொழிலினர் பலரின் கோரிக்கைகள் விசாரணை நிலையில் நிராகரிக்கப்பட்டன.

அலாஸ்காப் பழங்குடியினரின் நிலை இன்னும் சிக்கலானது. அவர்களுக்கு மீனும் சிப்பியும் கடல்நாயும் சந்தைப் பொருள்கள் மட்டுமல்ல. உணவும் பகிர்வும் சடங்கும் அவற்றைச் சார்ந்தவை. பிடிக்க முடியாமற்போன உணவின் மதிப்புக்காக அவர்களுக்கு 2 கோடி டாலர் உடன்பாடு கிடைத்தது. ஆனால் வாழ்க்கைமுறை சிதைந்ததற்கான கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. இயற்கையைச் சார்ந்து வாழும் உரிமை அலாஸ்கா மக்கள் அனைவருக்கும் பொதுவானது, எனவே அது தனித்த இழப்பாகாது என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1997-இல் இதை உறுதிசெய்தது.

ஐந்நூறு கோடியிலிருந்து ஐம்பது கோடிக்கு

1994-இல் ஆங்கரேஜ் நகரில் நீதிபதி ரஸல் ஹாலண்ட் முன்னிலையில் ஜூரி விசாரணை நடந்தது. எக்ஸானும் கப்பல் தலைவரும் பொறுப்பற்ற அசட்டையுடன் நடந்துகொண்டனர் என ஜூரி முடிவு செய்தது. மீனவர்களின் நேரடி இழப்பு 28.7 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது. முன்பே பெற்ற தொகைகளைக் கழித்தபோது, செலுத்த வேண்டியதாக எஞ்சியது 1.96 கோடி மட்டுமே. அதனால் இரண்டாவது தொகையே வழக்கின் உயிராயிற்று. தவறு செய்தவரைத் தண்டிக்கவும் பிறரை எச்சரிக்கவும் விதிக்கப்படும் தண்டனை இழப்பீடாக 500 கோடி டாலரை ஜூரி அறிவித்தது.

எக்ஸான் மேல்முறையீடு செய்தது. தொகை 2002-இல் 400 கோடியாகவும், 2004-இல் 450 கோடியாகவும், 2006-இல் 250 கோடியாகவும் மாறியது. இறுதியாக 2008 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம், கடல்சார் சட்டத்தில் இத்தகைய வழக்குகளில் தண்டனை இழப்பீடு நேரடி இழப்பீட்டை மிஞ்சலாகாது எனத் தீர்ப்பளித்தது. தண்டனை எவ்வளவு என்பது முன்கூட்டிக் கணிக்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்று, தீர்ப்பை எழுதிய நீதிபதி டேவிட் சூட்டர் வாதிட்டார். இதன்படி தொகை 50.75 கோடி டாலரானது. எக்ஸான் பங்குகளை வைத்திருந்த நீதிபதி சாமுவேல் அலிட்டோ வழக்கிலிருந்து விலகியிருந்தார். எனவே, தலைவரின் அசட்டைக்கு நிறுவனம் தண்டனை ஏற்க வேண்டுமா என்ற கேள்வியில் நீதிபதிகள் நான்குக்கு நான்கெனப் பிரிந்தனர். கீழ்நீதிமன்ற முடிவே நிலைத்தது. 2009-இல் ஏறத்தாழ 47 கோடி டாலர் வட்டியும் சேர்க்கப்பட்டது.

வழக்காடியவர்கள் 32,000-க்கும் மேற்பட்டோர். தீர்ப்பு வந்தபோது விபத்து நடந்து 19 ஆண்டுகள் கடந்திருந்தன. அவர்களில் ஆயிரக்கணக்கானோர் இறந்துவிட்டனர். கொர்டோவா போன்ற மீன்பிடி ஊர்களில் மீன்பிடி உரிமங்களின் விலை சரிந்து, கடன் பட்டு அவற்றை வாங்கியோர் நொடித்தனர். 1993-இல் ஹெர்ரிங் மீன்வளமும் வீழ்ச்சியடைந்தது. கசிவுக்கு இதில் உள்ள பங்கு குறித்து அறிவியலாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்வாண்டு ஆகஸ்டில் மீனவர்கள் தம் படகுகளால் வால்டீஸ் நீர்வழியை மறித்துப் போராடினர்.

சட்ட மாற்றமும் தாக்கமும்

வழக்கு முடியும் முன்பே சட்டம் மாறிவிட்டது. 1990 ஆகஸ்ட் 18 அன்று நடைமுறைக்கு வந்த எண்ணெய் மாசுச் சட்டம், உடைமைச் சேதம் இல்லாதவரும் வளம் கெட்டதால் ஏற்பட்ட வருமான இழப்பைக் கோர வழி செய்தது. எண்ணெய்க் கப்பல்களுக்கு இரட்டைச் சுவருடைய உடற்பகுதியையும் கட்டாயமாக்கியது. ஒரு விபத்துக்கு 100 கோடி டாலர் வரை வழங்கக்கூடிய நிதியமும் செயலுக்கு வந்தது.

2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துளைமேடை வெடித்தபோது இந்த வேறுபாடு தெரிந்தது. தீர்ப்புக்குக் காத்திராமல், சில வாரங்களிலேயே 2,000 கோடி டாலர் ஒதுக்க பிபி நிறுவனம் உடன்பட்டது. விடுதிகளும் உணவகங்களும்கூட இழப்பீடு கோரின. அலாஸ்கா மீனவர்கள் இருபதாண்டு வழக்காடிப் பெற்றதை விட, அவர்களது துன்பம் தூண்டிய சட்டம் அவர்களுக்குப் பின்வந்தவர்களுக்கே கூடுதலாகப் பயன்பட்டது.