சோழிக்கு என்ன விலை?

தாயம் ஆடும் வீடுகளில் சோழிக்கு ஒரு மதிப்பு உண்டு. கடையில் கொடுத்த காசு அல்ல அது. வாய் உடையாமல், முதுகு பளபளப்பாக, உருட்டினால் நன்றாகப் புரளும் சோழிக்குத் தனி விலை. எங்கள் கிள்ளைக்கு மாசி மகத் தீர்த்தவாரிக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் வரும்போது போடும் கடைகளில் சோழி வாங்கிப் பிள்ளைகள் பண்டமாற்று செய்துகொள்வோம். ஒரு நல்ல சோழிக்கு இரண்டு மூளி, அல்லது ஒரு கை புளியங்கொட்டை. பேரம் முடிய அரை நாள் ஆகும்.

இதே பேரத்தை உலகம் பல நூற்றாண்டுகள் நடத்தியிருக்கிறது. நம் சித்த வைத்தியர்கள் பலகறை என்று சொல்லும் இந்தச் சோழிக்குப் பெரிய விளைநிலம் மாலத்தீவு. 1343-44இல் அங்கே இருந்த இப்னு பதூதா, ஒரு பொன் தினாருக்கு 4 லட்சம் சோழி, மலிந்த காலத்தில் 12 லட்சம் என்று எழுதிவைத்தார். பிறகு மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக்குப் போனார். அங்கே ஒரு தினாருக்கு 1,150 தான்! ஏறக்குறைய 350 மடங்கு. சோழி அதே சோழிதான். கரை தூரமாகத் தூரமாக விலை ஏறியிருக்கிறது. கள்ளச் சோழி அடிக்க முடியாது, துருப்பிடிக்காது, எண்ண நேரமில்லாவிட்டால் எடை போட்டுக்கொள்ளலாம். வேறென்ன வேண்டும்?

வங்காளத்தில் இது சில்லறைக் காசு. 4 சோழி ஒரு கண்டா. பல்லாங்குழியில் நான்கு சேர்ந்தால் பசு என்று எடுப்போமே, அந்த நான்கு. 20 கண்டா ஒரு பண், 16 பண் ஒரு காஹன், அதாவது 1,280. கம்பெனி ஆட்சியில் சில்ஹெட்டின் கலெக்டராக இருந்த ராபர்ட் லிண்ட்ஸே, அந்த ஜில்லாவின் வருஷ வருமானம் இரண்டரை லட்சம் ரூபாயும் சோழியாகவே வந்தது என்கிறார். ரூபாய்க்கு 5,120 வீதம் கணக்குப் போட்டுப் பாருங்கள், 128 கோடி! அடைத்து வைக்கக் கிடங்குகள், டாக்காவுக்குக் கொண்டுபோகப் படகு வரிசை. சில்லறை எண்ணிக் கணக்கு எழுதிய குமாஸ்தா என்ற முறையில் அந்த ஜில்லாக் குமாஸ்தாக்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது.

அதைவிடப் பரிதாபம் ஒரிசா விவசாயி. 1803இல் ஒரிசாவைப் பிடித்த கம்பெனி, பிறகு வரியை வெள்ளி ரூபாயில்தான் கட்ட வேண்டும் என்றது. ஊரில் புழங்கியதோ சோழி. எல்லோரும் ஒரே சமயத்தில் சோழி கொடுத்து ரூபாய் தேடினால் என்ன ஆகும்? சோழி விலை சரிந்தது. நிலத்தில் விளைந்தது அதேதான், வரி மட்டும் கூடிப்போனது. 1817இல் குர்தாவில் பாயிக்கர்கள் ஆயுதம் எடுத்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று.

நான் படித்த பிரெஞ்சுப் பாடப் புத்தகத்தில் துப்ளேக்ஸ் பக்கம் பக்கமாக இருந்தார். கோரி என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் இந்தச் சோழி ஒரு வரிகூட இல்லை. கம்பெனிக் கப்பல்கள் அடிப்பாரமாகச் சோழி ஏற்றி லோரியான் துறைமுகத்துக்குக் கொண்டுபோயின. அங்கிருந்து அடிமை வியாபாரிகள் கைக்கு. இன்றைய பெனின் நாட்டுக் கரையில் உள்ள வீதாவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சோழிக் கணக்கில் விலை பேசினார்கள். நாம் பன்னிரண்டு கேட்டு உருட்டும் அதே சோழிதான்.

அடிமை வியாபாரம் ஓய்ந்து பனை எண்ணெய் வியாபாரம் வந்த 19ஆம் நூற்றாண்டில், மார்செய், ஹாம்பர்க் வியாபாரிகள் சான்சிபார் பக்கத்திலிருந்து இன்னொரு சோழியைக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். முதுகில் மஞ்சள் வளையம் இருக்கும், விலை மலிவு. மேற்கு ஆப்பிரிக்காவில் சோழியின் மதிப்பு மளமளவென்று விழுந்தது. சாக்குச் சாக்காகச் சேர்த்து வைத்திருந்த குடும்பங்களின் சேமிப்பு அந்தச் சாக்கிலேயே கரைந்துபோனது.