பெயர் கிட்டாத வலி

'சூதகவலி' என்னும் பழஞ்சொல் மாதவிடாய் வலி அனைத்தையும் ஒன்றாகவே சுட்டும். நோயையும் இயல்பையும் பிரித்துக் காட்டாது. கருப்பை உட்படலத்தை ஒத்த திசு, சூலகம் முதலிய பிற இடங்களில் வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ். 1920களில் அதற்கு அப்பெயர் சூட்டிய அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன், மாதவிடாய்க் குருதி கருக்குழாய் வழியே பின்னோக்கிப் பாய்வதைக் காரணமாகக் கொண்டார். பெரும்பாலான பெண்களுக்கு அவ்வாறு பாய்ந்தும் சிலருக்கே நோய் வருவதேன் என்பது இன்றும் முழுதும் விளங்கவில்லை. தமிழில் 'இடமகல் கருப்பை அகப்படலம்' என்றொரு கலைச்சொல் உண்டு. அதைச் சொல்லி எந்தப் பெண்ணும் மருத்துவரிடம் முறையிட்டிருக்க மாட்டாள்.

இந்நோயை உறுதிசெய்ய எளிய குருதிச் சோதனை இல்லை. நோயாளியின் சொல்லே முதற்சான்று. தில்லி ஜங்புராவை ஒட்டி, பாராபுல்லா வடிகால் கரையில் இருந்த மதராசி கேம்ப்பின் பெண்களோ, தமிழில் உணரும் வலியை இந்தியில் சொல்ல வேண்டியவர்கள். பலர் வீட்டுவேலை செய்து பிழைத்தவர்கள்.

உயர்நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1 அன்று அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. சுமார் 370 குடும்பங்களில் 189 மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன, அவ்வீடுகள் நரேலாவில். முன்பு சில கிலோமீட்டரில் இருந்த எய்ம்ஸ் மருத்துவமனை அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஆண்டுக்கணக்கில் மருந்தும் மறுபரிசோதனையும் வேண்டும் நோய்க்கு, ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும்.