ஜேன் மீக்கம்: பிராங்கிளினின் தங்கை

ஐக்கிய அமெரிக்காவின் தோற்றத்தோடு பிரிக்கவொண்ணாதவாறு பிணைந்த பெஞ்சமின் பிராங்கிளின் (1706–1790) தம் வரலாற்றைத் தாமே எழுதிவைத்தார். தந்தை, தமையன், அச்சகத் தோழர் எனப் பலர் அதில் இடம்பெறுவர். ஆயின், வேறெவருக்கும் எழுதியதினும் மிகுதியாக அவர் கடிதம் எழுதிய தங்கை ஜேனின் பெயர் அதில் ஓரிடத்தேனும் இல்லை.

பொஸ்ரன் நகரில் மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்து விற்ற யோசையா பிராங்கிளின், 1683 இல் இங்கிலாந்திலிருந்து குடிபெயர்ந்தவர். இரு மனைவியர்வழி அவருக்கு 17 மக்கள். ஆண்மக்களுட் கடைசியானவர் பெஞ்சமின். பெண்மக்களுட் கடைசியானவர் 1712 இல் பிறந்த ஜேன். பெஞ்சமினுக்குக் கிடைத்த பள்ளிக்கல்வி இரண்டே ஆண்டுகள். ஜேனுக்கோ அதுவுமில்லை. பெண்பிள்ளைக்கு வாசிப்புப் போதும், எழுத்து ஆண்பிள்ளைக்கே வேண்டுவது என்பது அக்கால மசாசூசெற்ஸின் பொதுக்கருத்து. 1723 இல் 17 வயதுத் தமையன் வீட்டைவிட்டு ஓடிப் பிலடெல்பியாவில் வாழ்வு தேடிக்கொண்டார். தங்கைக்கு அத்தகைய வழி எதுவுமில்லை. 1727 இன் தொடக்கத்தில் அவர் தங்கைக்கு அனுப்பிய பரிசு ஒரு நூற்கும் இராட்டினம். தேநீர் மேசை அனுப்ப எண்ணியதாகவும், நல்ல இல்லாள் எனும் பெயரே மேலெனக் கருதி அதனைக் கைவிட்டதாகவும் அவரே எழுதுகின்றார். பரிசின் பொருத்தம்பற்றி அவர் ஐயுற்றதாகத் தெரியவில்லை. அவ்வாண்டு யூலையில், 15 வயதில், சேணத் தொழிலாளியான எட்வேட் மீக்கத்தை ஜேன் மணந்தார்.

கணவர் கடன்பட்டவர். ஜேன் வீட்டில் வாடகைக்குத் தங்குவோரை வைத்தும், குடும்பத்தார்க்கே உரிய முறையிற் சவர்க்காரம் காய்ச்சியும் குடும்பத்தைத் தாங்கினார். பிற்காலத்தில் பிரான்சிலிருந்த தமையனுக்கும் அச்சவர்க்காரம் சென்றது. பெற்ற மக்கள் 12 பேருள் 11 பேர் அவர் கண்முன்னே இறந்தனர். ஆண்மக்கள் இருவர் சித்தம் பேதலித்தனர். தாள்களை மடித்துத் தைத்த சிறு ஏட்டிற்கு ‘வயதுகளின் புத்தகம்’ எனப் பெயரிட்டு, பிறப்பும் இறப்பும் அவர் குறித்துவந்தார். 1729 யூன் 4 இல் பிறந்த தலைமகனின் இறப்பு 1730 மே 18 இற் பதிவாகின்றது. தமையனின் தன்வரலாற்றுக்கு நிகராகத் தங்கை எழுதியது இவ்வேடுதான்.

எனினும் அவரைத் துயரின் உருவமாக மட்டும் காண்பது பொருந்தாது. 1775 இற் போரால் பொஸ்ரனைவிட்டு வெளியேறி, 63 வயதில் தமையனோடு பிலடெல்பியா சென்ற அவர், நூல்களை விரும்பிக் கேட்டுப் பெற்று வாசித்தார், அரசியல் பேசினார். தம் எழுத்துப்பிழைகளுக்கு அவர் நாணியபோது, ஒலிப்படி எழுதுவதே பெரும்பாலும் சிறந்ததெனத் தமையன் தேற்றினார். நற்சூழல் வாய்க்காமையால் நியூற்றன் போன்றோர் பல்லாயிரவர் உலகுக்கு இழப்பாகியிருக்கலாம் என்ற றிச்சட் பிறைஸின் கருத்தை 1786 இல் தமையனுக்கு எடுத்தெழுதி, தடைகளனைத்தையும் உடைத்து மேலெழுவோர் மிகச் சிலரே என்றார். அச்சிலருள் ஒருவருக்கே அதை எழுதுகிறோம் என்பதை அவர் அறியாதவரல்லர்.

பொஸ்ரனில் அவர் வாழ்ந்த வீட்டை அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் என்றும் உரித்தாகவும், ஆண்டுக்கு 50 பவுணை அவரது ஆயுட்காலம்வரை பெறுமாறும் பிராங்கிளின் மரணசாசனத்தில் விட்டுச்சென்றார். ஜேன் 1794 இற் காலமானார். இருவரதும் கடிதங்கள் 1950 இல் நூலாயின. அவ்வீடோ 1939 இல், போல் றெவியரின் நினைவிடத்துக்கு இடமளிக்கும் பொருட்டு இடிக்கப்பட்டுவிட்டது.