கணவாய் மீனும் அதன் நினைவகப் பசியும்

எங்கள் வங்கியில் கேஷ் என்றால் பணம். கணினிக்காரர்களுக்குக் கேஷ் என்றால் ஒருமுறை இறக்கிய இணையப்பக்கத்தை அடுத்தவர் கேட்பாரென்று எடுத்து வைப்பது. உச்சரிப்பு ஒன்றுதான், கணக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் :-)

1990-களின் நடுவில் அமெரிக்காவின் கொலராடோ, தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகங்களில் ஹார்வெஸ்ட் என்றொரு ஆராய்ச்சித் திட்டம் நடந்தது. அதிலிருந்த கேஷ் மென்பொருள் ஒருபக்கம் வணிகப் பொருளாகப் போய்விட்டது. இலவசமாக இருந்த கடைசிப் பிரதியை எடுத்து, டுவேன் வெசல்ஸ் 1996-இல் ஸ்க்விட் என்ற பெயரில் தொடர்ந்தார். ஸ்க்விட் என்றால் நம்மூர் கணவாய் மீன்.

நம் நாட்டில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தது 1995 ஆகஸ்ட் 15-இல். அடுத்த பத்து வருடம் வெளிமாநிலத்தில் இருந்த நம்மவர்கள் பலருக்கு ஊர்ச் செய்தி என்றால் பிரவுசிங் சென்டர்தான். ஒரே மெல்லிய லைனைப் பத்துப் பேர் பங்கு போட்டுக்கொள்வோம். தமிழ்த் தளம் ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்துரு வேறு. அந்த மாதிரி இடங்களில் மூலையில் ஒரு ஸ்க்விட் பெட்டி இருந்தால், முதல் ஆள் இறக்கியது மற்றவருக்கு உடனே வரும்.

ஆனால் அந்தப் பெட்டி சில வாரத்தில் தவழ ஆரம்பிக்கும். 'கேஷ் மெம்' என்ற அமைப்பில் 8 எம்பி என்று இருக்கும், மென்பொருளோ நூற்றுக்கணக்கான எம்பியை விழுங்கியிருக்கும். எங்கே போயிற்று மிச்சம்?

வங்கியை நினைத்துப் பாருங்கள். 'கேஷ் மெம்' என்பது கவுண்டர் டிராயரில் வைக்கும் பணம் மட்டும். ஹார்டு டிஸ்க்தான் ஸ்ட்ராங் ரூம். அங்கே எது எங்கே இருக்கிறது என்ற பதிவேடு முழுவதையும் ஸ்க்விட் நினைவகத்திலேயே வைத்துக்கொள்கிறது. சராசரிக் கோப்பு 13 கேபி என்று வைத்தால் 1 ஜிபி டிஸ்கில் சுமார் 80 ஆயிரம் கோப்புகள். அவற்றின் பதிவேட்டுக்கு மட்டும் 32-பிட் கணினியில் சுமார் 10 எம்பி, 64-பிட்டில் 14 எம்பி வேண்டும். 40 ஜிபி டிஸ்க் போட்டால் 400 எம்பி ஆயிற்று. ராம் 256 எம்பி என்றால் பதிவேட்டையே டிஸ்கில் போட்டுப் போட்டு எடுக்க வேண்டிவரும். வேகத்துக்காகப் பெரிய டிஸ்க் வாங்கியவருக்கு வேகம் குறைந்தது இப்படித்தான்.

வெசல்ஸ் குழுவினருக்கும் இது தெரியும். முகவரி முழுவதையும் நினைவகத்தில் வைத்திருந்ததை மாற்றி, 1998-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 16 பைட் எம்.டி.5 குறியீடாகச் சுருக்கினார்கள். மருந்தும் எளிது: முதலில் மேலாளர் பக்கத்தில் பேஜ் ஃபால்ட் எண்ணிக்கையைப் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் ராம் போதவில்லை. டிஸ்க் கேஷின் அளவைக் குறையுங்கள், அல்லது ராமைக் கூட்டுங்கள். விடுவித்த நினைவகத்தை ஸ்க்விட் தன்னிடமே சேர்த்து வைக்கும் 'மெமரி பூல்ஸ்' வசதியையும் நிறுத்திப் பார்க்கலாம்.

2006-இல் பால்-ஹென்னிங் காம்ப் வார்னிஷ் என்ற மென்பொருளை எழுதியபோது இன்னொரு கேள்வி கேட்டார். எதை ராமில் வைப்பது, எதை டிஸ்குக்கு அனுப்புவது என்று இயங்குதளம் பார்த்துக்கொள்ளும்போது, அதே வேலையை ஸ்க்விட் ஏன் இரண்டாம் தடவை செய்கிறது? நியாயமான கேள்விதான். ஒரே வவுச்சரை இரண்டு பேர் பாஸ் செய்கிற கதை.

இன்று பெரும்பாலான தளங்கள் பூட்டிய எச்.டி.டி.பி.எஸ். வழியாக வருவதால், இடையில் நிற்கும் பெட்டி எதையும் சேமிக்க முடிவதில்லை. ஆனாலும் ஸ்க்விட் போகவில்லை, வேறு வேலைகளுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் பிள்ளைகள் கணினித் துறையில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், டிராயர் எவ்வளவு, பதிவேடு எவ்வளவு என்று. பதில் சொல்லிவிட்டால் கெட்டிக்காரர்கள்!