அமர்நீதியார் ஏறிய துலை

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் ஏலமலையின் அடிவாரத்தே அமைந்த வணிக ஊராகும். விடியற்காலையில் அடிவாரத்து ஊர்களினின்று தொழிலாளர் ஜீப்புகளில் மலையேறி, மரநிழலில் வளரும் ஏலச்செடிகளிற் காய்பறித்து மாலையில் மீள்வர். பச்சைக்காய் ஏறத்தாழ ஐந்து கிலோ உலர்ந்தால் ஒரு கிலோ காய் தேறும். அது போடியிலுள்ள வணிகர் கையை அடைந்து, சல்லடையிற் பருமன் பிரிக்கப்பெற்று, நிறுக்கப்பெற்று, நெடுந்தொலை செல்லும். இவ்வணிகருள் பெருஞ்செல்வர் சிலர். எஞ்சியோர் கடைதிறந்து, நிறுத்து, கணக்கெழுதி, மனைவி மக்களைப் பேணிப் பரமசிவன் மலையை நோக்கிக் கைகூப்பி நாள் கழிப்போர். இத்தகையோர்க்கு வரலாறு எழுதுவார் இலர். ஆயினும் இவர் போன்ற ஒருவரைச் சைவவுலகம் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மறவாது போற்றி வருகின்றது.

அவர் சோழநாட்டுப் பழையாறையில் வாழ்ந்த அமர்நீதி நாயனார். திருத்தொண்டருள் வணிகர் மரபினர் இயற்பகையார், மூர்த்தியார், கலிக்கம்பர், காரைக்கால் அம்மையார், இவர் என ஐவராவர். அம்மையார் திருப்பதிகம் பாடினார்; மூர்த்தியார் நாடாண்டார். அமர்நீதியார் செயலோ மிக எளியது. பொன்னும் மணியும் பட்டும் பலநாட்டு ஆடைகளும் விற்று நேரிய வழியிற் பொருளீட்டி, அடியார்க்கு அமுதளித்துக் கந்தையும் கீளும் கோவணமும் கொடுத்துவந்தார். திருநல்லூர்த் திருவிழாவை வழிபட விழைந்து, ஆண்டு ஒரு மடம் அமைத்துச் சுற்றத்தோடு தங்கினார்.

அம்மடத்திற்கு ஒருநாள் இறைவன் பிரமசாரி வடிவில் எழுந்தருளினான். கையிலிருந்த தண்டில் இரண்டு கோவணங்கள் கட்டியிருந்தன. நீராடச் செல்லுங்கால் மழைவரினும் வரும் என்று கூறி, அவற்றுள் ஒன்றை அடைக்கலமாகத் தந்து சென்றான். நாயனார் அதனைத் தனியிடத்திற் காத்து வைத்தார். இறைவன் அதனை மறைத்தான். மழையில் நனைந்து மீண்டவன் தண்டிலிருப்பது ஈரமென்று கூறித் தன் பொருளைக் கேட்ப, யாண்டு தேடியும் அது கிடைத்திலது. வேறு கோவணமும் பொன்னும் தருவதாக நாயனார் வேண்டியும் அவன் ஏற்றிலன். தண்டிலுள்ளதற்கு ஒத்த எடையுடைய கோவணமே வேண்டுமென்றான். துலை நாட்டப்பெற்றது.

ஈண்டு வணிகம் அறிந்தோர் நின்று நோக்கத்தக்கது ஒன்றுண்டு. தட்டில் வைத்தது நனைந்த கோவணம். அடைக்கலமாகத் தந்ததோ உலர்ந்தது. ஈரத்தின் எடையைக் கழித்து நிறுத்தல் வேண்டுமென வாதிட நாயனார்க்கு இடமிருந்தது. போடியில் ஏலங் கொள்வோரும் விற்போரும் இதனை எளிதில் உணர்வர். சரியாக உலராத காய் எடை மிகும். நன்குலர்ந்த காயும் மழைக்காலத்துக் காற்றின் ஈரத்தை உண்டு எடையேறிப் பசுமை குன்றும். ஆதலின் ஈரம் பற்றிய வழக்கு அத்தொழிலில் என்றும் உள்ளதே. ஆடைவணிகராகிய நாயனார் அவ்வழக்கை எடுத்ததாகச் சேக்கிழார் யாண்டும் கூறிற்றிலர். தம்மிடம் ஒப்புவித்த பொருள் தம் காவலில் மறைந்தது என்பதொன்றே அவர் நெஞ்சில் நின்றது போலும்.

கோவணங்கள், ஆடைகள், பொன், மணி யாவும் ஏற்றியும் தட்டு நேராயிற்றிலது. இனி வைப்பதற்கு எஞ்சியோர் தாமும் மனைவியாரும் மகனுமே.

இவ்விடத்தில் நூல்களை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. ஏழாம் நூற்றாண்டில் அப்பரடிகள் திருநல்லூர்த் திருவிருத்தத்தில் இச்செய்தியைக் குறிக்கின்றார். ஆயின் பெயர் கூறாது, மனைவியோடு ஆட்கொள்ளப்பெற்ற ஒரு வாணிகன் என்ற அளவில் அமைகின்றார். அடிகள் இறைவன் திருவடி சூட்டப்பெற்ற தலம் அதுவேயாகலின், அவ்வூரார் வாய்ச்செய்தியை அங்கேயே கேட்டிருத்தல் கூடும். சுந்தரர் திருத்தொண்டத்தொகையிற் பெயரை வழங்கினார். நம்பியாண்டார் நம்பிகள் பழையாறை என்னும் ஊரையும், செல்வம், தாம், மனைவி என்னும் மூன்றையும் ஈந்தமையையும் சேர்த்துரைத்தார். அநபாயச் சோழனாகிய இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) காலத்துச் சேக்கிழாரிடத்தே மகனையும் துலையிற் காண்கின்றோம். பெயரும் ஊரும் அறியப்படாத காலத்தும் மனைவியார் நினைவு நீங்காதிருந்தமை கருதத்தக்கது. 

மனைவியையும் மகனையும் பொருளோடு பொருளாக நிறுத்தல் அறமாமோ என வினவுவார் உளர். அவ்வினா புறந்தள்ளத்தக்கதன்று. ஏற்றுதற்கு இசைவு வேண்டுங்கால் நாயனார் அவ்விருவரையும் தம் உடைமைபோல எண்ணிச் சொன்னது உண்மையே. ஆயின் அவர் தம்மை வெளியே நிறுத்திக் கொண்டாரல்லர். தாமும் அத்தட்டிற் பொருளாயினார். துலையை வலம்வந்து சூளுரைக்குங்கால், அடிமைத்திறத்திற் பிழைத்திலோமாயின் துலை நேர்நிற்க எனத் தன்மைப் பன்மையாற் கூறினார். அப்பன்மை வெறும் வழக்குச் சொல்லன்று. அடியார்க்குச் சமைத்தும் பரிமாறியும் ஒரு மனையார் பல்லாண்டு செய்த தொண்டு ஒருவர்க்கே உரியதாதல் யாங்ஙனம்? ஏறியவர் மூவர், நிறுக்கப்பெற்ற அன்பு ஒன்று. திருவைந்தெழுத்தை ஓதி அவர்கள் ஏறவே தட்டுகள் ஒத்து நின்றன. பிரமசாரி மறைந்து அம்மையப்பனாய்க் காட்சி தந்தான். அத்துலையே ஊர்தியாக மூவரும் சிவலோகம் அடைந்தனர் என்பது புராணம்.

தம் வாழ்நாளெல்லாம் பிறர்க்கு நிறுத்துக் கொடுத்த கருவியிலேயே அவர் நிறுக்கப்பெற்றார். பிறர் பொருட்டு அக்கருவியை ஒருபுறம் சாய்த்தவர் ஒருவர் அதன்மேல் அச்சமின்றி ஏறுதல் அரிது. இப்போது மின்தராசுகள் பெருகிவிட்டன. ஏலக்காய் விற்பனையும் கணினி வழியாக நடைபெறுகின்றது. எனினும் தோட்டத்தார் கொணர்ந்த மூட்டை கடையில் இறங்கியபின் விற்கும்வரை அது வணிகரிடம் உள்ள அடைக்கலமே.

நாயனார் குருபூசை ஆனித் திங்கட் பூர நாளில் நிகழ்வது. அது ஏலமலையில் தென்மேற்குப் பருவமழை பெய்யுங் காலம். அவ்வாண்டுக்குரிய புதுக்காய் பெரும்பாலும் கடைக்கு வரத் தொடங்கியிராது.