கேன்டன் துறைமுகமும் காணாமல் போன 'எஸ்' எழுத்தும்

இந்த வாரம் ஒரு சின்ன வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

சில வருஷம் முன்னாடி ஒரு ப்ராஜெக்ட்ல, சீனாவில இருந்து ஒருத்தங்க எங்க டீம்ல வேலை செஞ்சாங்க. கோட் பிரமாதமா எழுதுவாங்க. ஆனா சாட்ல மெசேஜ் போட்டா 'த்ரீ ஃபைல் சேஞ்ச்', 'டூ பக் ஃபிக்ஸ்'னுதான் வரும். பன்மைக்கு 'எஸ்' இருக்கவே இருக்காது. ஒரு நாள் கால்ல யாரோ அதைச் சொல்லிக் காட்டிச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவங்க மைக்கை மியூட் பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம் பல மீட்டிங்ல அவங்க குரலே கேக்கல.

கொஞ்ச நாள் கழிச்சு, எங்க ஆப்பைப் பல மொழிக்கு மாத்துற வேலை என் தலையில விழுந்துச்சு. மொழிபெயர்ப்பு ஃபைல்ல, ஒவ்வொரு மொழிக்கும் எண்ணிக்கையைப் பொறுத்து எத்தனை வடிவம் வேணும்னு குறிக்கணும். ஆங்கிலத்துக்கு 2. தமிழுக்கும் 2. அரபிக்கு 6. சீனத்துக்கு வெறும் 1. அந்த 1-ஐப் பார்த்ததும்தான் அன்னிக்கு எதைப் பார்த்துச் சிரிச்சோம்னு உறைச்சுது. அங்க இருந்து தேட ஆரம்பிச்சு, 250 வருஷத்துக்கு முந்தைய ஒரு துறைமுகத்துல போய் நின்னேன்.

முதல்ல மொழியைப் பார்த்துடுவோம்.

சீன மாண்டரின்ல புத்தகத்துக்கு 'ஷு'ன்னு பேர். ஒரு புத்தகம், 'யி பென் ஷு'. மூணு புத்தகம், 'சான் பென் ஷு'. 'ஷு' மாறவே இல்ல, கவனிச்சீங்களா? எண்ணிக்கையை எண்ணே சொல்லிடுது. நடுவுல வர்ற 'பென்'தான் சுவாரஸ்யம். அது புத்தகம் மாதிரி பொருள்களை எண்ணுறதுக்கான அளவுச் சொல். தட்டையான காகிதம், டிக்கெட், மேசைக்கு 'ஜாங்'. நீளமான ஆறு, தெரு, மீனுக்கு 'தியாவ்'. இந்த அளவுச் சொல் இல்லாம எண்ணினா, கேக்கிற சீனருக்கு வாக்கியம் நொண்டும்.

நமக்கும் இது ரொம்ப அந்நியம் இல்ல. டீக்கடையில 'ரெண்டு டீ'ன்னுதானே கேக்கிறோம்? 'இரண்டு டீக்கள் கொடுங்க'ன்னு கேட்டா மாஸ்டர் நம்மளை ஒரு மாதிரி பார்ப்பார். 'பத்து ரூபாய்', 'மூணு நாள்', 'நாலு பேர்'. எண் வந்துட்டா 'கள்' தேவைப்படாத இடம் தமிழ்லயும் நிறைய. ஆங்கிலத்துலயும் 'டூ ஃபர்னிச்சர்ஸ்' தப்பு, 'டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்'னு சொல்லணும். இந்த 'பீஸ்'ஸை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இப்போ துறைமுகத்துக்குப் போலாம்.

1757-ல சீனப் பேரரசர் சியான்லாங், மேற்கத்தியக் கப்பல்கள் கேன்டன் துறைமுகத்துல மட்டும்தான் வியாபாரம் பண்ணலாம்னு உத்தரவு போட்டார். இன்னிக்கு அந்த ஊர் குவாங்ஜோ. வெளிநாட்டு வியாபாரிகள் நகரத்துக்கு வெளியே, ஆத்தங்கரையில ஒதுக்கின கட்டடங்கள்ல மட்டும்தான் தங்கலாம். வியாபார சீசன் முடிஞ்சா மக்காவுக்குப் போயிடணும். அவங்களுக்குச் சீன மொழி சொல்லிக் கொடுக்கிறதும் குற்றம்.

அது எவ்வளவு பெரிய குற்றம்? ஜேம்ஸ் ஃப்ளின்ட்னு ஒருத்தர், கிழக்கிந்தியக் கம்பெனியோட மொழிபெயர்ப்பாளர். ஆமா, நம்ம ஜார்ஜ் கோட்டையைக் கட்டின அதே கம்பெனி. 1759-ல அவர் தியான்ஜின் வரைக்கும் கப்பல்ல போய், கேன்டன் அதிகாரிகளைப் பத்திப் பேரரசருக்கு ஒரு புகார் மனு கொடுத்தார். பலன்? ஃப்ளின்டுக்கு 3 வருஷம் காவல், அப்புறம் நாடு கடத்தல். அந்த மனுவைச் சீனத்துல எழுத உதவின லியூ யாபியனுக்கு மரண தண்டனை. இலக்கணம் தெரிஞ்சு வெச்சிருந்ததுக்கு ஒரு உயிர் போயிருக்கு.

வெளிநாட்டுக்காரங்க சீனம் கத்துக்க முடியல. ஆனா தேயிலையும் பட்டும் கைமாறியே ஆகணும். அதனால கேன்டன் வியாபாரிகளும் வேலைக்காரங்களும் ஆங்கிலச் சொல்லை எடுத்து, தங்களுக்குத் தெரிஞ்ச முறையில அடுக்கினாங்க. அதுதான் பிஜின் ஆங்கிலம். ஆங்கில ஒலிகளைச் சீன எழுத்துல எழுதின சின்னச் சின்னக் கையேடுகள் கடைத்தெருவுல வித்துச்சு. 1825-ல கேன்டன் வந்த அமெரிக்க வியாபாரி வில்லியம் ஹன்டர் அதைப் பத்தி எழுதி வெச்சிருக்கார்.

அந்தப் பிஜின்ல ரெண்டு ஆளை எப்படிச் சொல்வாங்க தெரியுமா? 'டூ பீஸி மேன்'. மேலோட்டமா பார்த்தா உடைஞ்ச ஆங்கிலம். உள்ள பார்த்தா, கேன்டனீஸ்ல எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவுல 'கோ'ன்னு ஒரு அளவுச் சொல் வருமே, அதே இடத்துல 'பீஸ்' உட்கார்ந்திருக்கு. சரி, 'பீஸ்' எப்படி 'பீஸி' ஆச்சு? கேன்டனீஸ்ல எந்தச் சொல்லும் 'ஸ்' ஒலியில முடியாது. மாண்டரின்லயும் அப்படித்தான். அதனால கடைசியில ஒரு 'இ' ஒட்டிக்குது. ஆக, ஆங்கிலப் பன்மையோட அந்த ஒத்தை 'எஸ்', சீனருக்கு ரெண்டு சுவரைத் தாண்டி வரணும். ஒண்ணு இலக்கணம், இன்னொண்ணு நாக்கு.

கேன்டன்ல இது யாருக்கும் அவமானமா இல்ல. வெள்ளைக்கார வியாபாரியும் 'பீஸி'ன்னுதான் பேசியாகணும், இல்லைன்னா சரக்கு நகராது. ரெண்டு பக்கமும் பாதி வழி இறங்கி வந்த மொழி அது.

அப்புறம் பீரங்கி வந்துச்சு. முதல் ஓபியம் போர்ல சீனா தோத்து, 1842 நான்கிங் ஒப்பந்தத்துல 5 துறைமுகங்களைத் திறந்துவிட்டுச்சு. 1858 தியான்ஜின் ஒப்பந்தத்தோட 50-ஆவது பிரிவு இன்னும் முக்கியம். பிரிட்டிஷ் அதிகாரிகள் இனி சீன அரசுக்கு ஆங்கிலத்துலதான் எழுதுவாங்க. ஆங்கில வாசகத்துக்கும் சீன வாசகத்துக்கும் பொருள் வேறுபட்டா, ஆங்கிலத்துல இருக்கிறதையே சரின்னு எடுத்துக்குவாங்க. இனிமே ஆங்கில இலக்கணம் தெரியலைன்னா, தன் நாடு எதுக்கு ஒத்துக்கிட்டுதுன்னே ஒரு சீன அதிகாரிக்குத் தெரியாது.

1862-ல பீக்கிங்ல மொழிபெயர்ப்பாளர்களை உருவாக்க 'தோங்வென் குவான்'ங்கற பள்ளியை அரசே திறந்துச்சு. அதே வருஷம் தாங் டிங்ஷு என்ற வியாபாரி, ஹாங்காங் மிஷன் பள்ளியில ஆங்கிலம் படிச்சவர், கேன்டன்காரங்களுக்காக 6 பாகத்துல ஒரு ஆங்கிலப் பாடநூல் போட்டார். பாதி வழி இறங்கி வர்ற காலம் முடிஞ்சுது. இனிமே ஒரு பக்கம் மட்டும்தான் முழு தூரமும் நடக்கணும்.

1876-ல லண்டன்ல சார்ல்ஸ் லேலண்ட் என்ற அமெரிக்கர் பிஜின் ஆங்கிலத்துலயே வேடிக்கைப் பாட்டுப் புத்தகம் வெளியிட்டார். ஒரு காலத்துல ரெண்டு தரப்பும் சேர்ந்து பேசின மொழி, இப்போ நகைச்சுவை சரக்கு.

எங்க மீட்டிங்ல நாங்க சிரிச்சது அந்தச் சிரிப்போட தொடர்ச்சிதான். இத்தனைக்கும் அங்க இருந்த யாருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்ல. நம்ம தாத்தா பாட்டி காலத்துல இருந்து இதே 'எஸ்'ஸுக்கு அடி வாங்கித்தான் நாமளும் கத்துக்கிட்டோம். வாங்கின அடியை அடுத்தவங்களுக்குக் கை மாத்தி விட்டோம், அவ்ளோதான்.

அந்த ப்ராஜெக்ட் முடியற நேரத்துல நான் அவங்களுக்குத் தனியா மெசேஜ் போட்டு மன்னிப்பு கேட்டேன். பதில் வந்துச்சு: 'நோ ப்ராப்ளம். மெனி திங் டு லேர்ன்.'

அதுல 'எஸ்' இல்ல. எனக்கு ஒரு குறையும் தெரியல.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.