பீங்கானும் பாரசீகமும்

வெளியூரில் நம் ஊர்ப் பெயரைச் சொன்னால் மூன்று பதில்களில் ஒன்று வரும். பழமலைநாதர் கோயில், ரயில்வே ஜங்ஷன், இல்லாவிட்டால் "பீங்கான் பொம்மை செய்யும் ஊர்தானே?" என்ற கேள்வி. தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் கல்லூரியும் இருக்கும் ஊர் என்பதால் அந்தச் சொல் நம் சொத்து மாதிரி ஆகிவிட்டது. ஆனால் பீங்கான் பாரசீகத்திலிருந்து வந்த சொல். 'பிங்கான்' என்றால் அங்கே கிண்ணம்.

ஈரானின் வறண்ட கிராமங்களில் இந்தக் கிண்ணத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. நிலத்தடிக் கால்வாயில் வரும் தண்ணீரை முறை வைத்துப் பங்கிடுவார்கள். பெரிய பாத்திரத்தில் நீரை நிரப்பி, அடியில் சிறு துளையிட்ட கிண்ணத்தை மிதக்க விடுவார்கள். அது நிறைந்து மூழ்கினால் ஒரு கணக்கு. இன்னாருக்கு இத்தனை கிண்ணம் தண்ணீர் என்று பங்கு. நம் முன்னோர் பொழுதை அளந்த நாழிகை வட்டிலும் இதே வேலையைத்தான் செய்தது.

பாரசீகம் நமக்கு அப்படியொன்றும் அந்நியமில்லை. ஆற்காட்டு நவாப்பின் தர்பாரில் அதுதான் எழுத்து மொழி. நாம் பல காலம் இருந்ததும் தென்னார்க்காடு மாவட்டத்தில்தான். தாசில்தார், ஜமாபந்தி, குமாஸ்தா, சர்க்கார் எல்லாம் அந்த வழியாக வந்து தாலுகா கச்சேரியில் உட்கார்ந்துகொண்ட சொற்கள். ஆனால் இன்று ஈரான் என்றால் நமக்குத் தெரிவது எண்ணெயும் போரும் பொருளாதாரத் தடையும்தான். அங்கே இன்று படம் வரைகிறவர்கள் யார், புகைப்படம் எடுக்கிறவர்கள் யார் என்று கேட்டால் விழிப்போம்.

ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. கையில் கைப்பேசியும் இருக்கிறது. பீங்கான் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போனதில் கிண்ணம், ஓடு, ஓவியம், கதைப் புத்தகப் படம், புகைப்படம் என்று சில மாதங்கள் ஓடிவிட்டன. பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. அது செய்தவரின் பெயர். சில இடங்களில் அது இருக்கிறது. சில இடங்களில் மறைந்திருக்கிறது.

காஷான் என்ற நகரிலிருந்து தொடங்குகிறேன். மெருகிட்ட ஓட்டுக்குப் பாரசீகத்தில் 'காஷி' என்று பெயர். காஷானிலிருந்து வந்த பெயர் அது. விருத்தகாசியில் உட்கார்ந்துகொண்டு காஷியைப் பற்றிப் படிப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அந்த ஊர்க் குயவர் குடும்பத்தில் பிறந்த அபுல் காசிம் காஷானி என்பவர் 1301-இல் பாண்டத் தொழிலின் நுட்பங்களை எழுதி வைத்தார். படிகக்கல் பொடி 10 பங்கு, கண்ணாடிப் பொடி 1 பங்கு, வெள்ளைக் களிமண் 1 பங்கு என்று கலவைக் கணக்கே கொடுத்திருக்கிறார். நெய்வேலிக் களிமண்ணைப் பிசைந்து பழகிய நம் ஊர்க்காரர்கள் இந்தக் கணக்கைப் பார்த்தால் எழுந்து உட்காருவார்கள். களிமண் இத்தனை குறைவாக இருந்தால் சக்கரத்தில் ஏற்றி வனைவதே சிரமம்.

காஷான் குயவர்கள் தங்கள் பெயரையும் எழுதினார்கள். 1200-ஐ ஒட்டிய காலத்தில் வாழ்ந்த அபூ ஸைத் என்பவரின் கையொப்பம் பல பாண்டங்களில் இருக்கிறது. லண்டன் அருங்காட்சியகத்தில் உள்ள புகழ்பெற்ற அர்தபில் கம்பளத்திலும் 'மக்ஸூத் காஷானி' என்ற பெயரும் ஹிஜ்ரி 946 என்ற ஆண்டும் நெய்யப்பட்டிருக்கின்றன. நம் கணக்கில் அது 1539-40.

பாரசீகக் கலைஞர்களைத் தேடிக் கண்டுபிடித்த முதல் பெரிய இந்திய ரசிகர் என்று நான் ஹுமாயூனைச் சொல்வேன். ஆட்சியை இழந்து ஓடியவர், 1544-இல் ஈரான் மன்னர் ஷா தமாஸ்பின் அவையில் அடைக்கலம் புகுந்தார். அங்கே ஓவியர்களின் வேலையைப் பார்த்து மயங்கினார். கையில் நாடே இல்லாத மனிதர், ஓவியர்களை வேலைக்கு அழைத்தார்! தப்ரீஸ் நகரத்து மீர் சையத் அலியும் ஷிராஸ் நகரத்து அப்துஸ் சமதும் காபூலுக்கு வந்து அவரோடு சேர்ந்தார்கள். 1555-இல் ஹுமாயூன் டெல்லியைத் திரும்பப் பிடித்தார். அடுத்த ஆண்டே இறந்தும் போனார். ஆனால் ஓவியர்கள் தங்கிவிட்டார்கள். அக்பர் காலத்தில் இவர்கள் தலைமையில் ஹம்ஸாநாமாவுக்காகத் துணியில் வரையப்பட்ட பெரிய ஓவியங்கள் சுமார் 1,400. இன்று மிஞ்சியிருப்பவை 200-க்கும் குறைவு.

அப்துஸ் சமத் இங்கே உருவாக்கிய மாணவர்களில் தஸ்வந்த் என்று ஒருவர். பல்லக்குத் தூக்குபவரின் மகன். சுவர்களில் கிறுக்கிக்கொண்டிருந்த பையனின் கைத்திறன் அக்பர் கண்ணில் பட, அப்துஸ் சமதிடம் ஒப்படைக்கப்பட்டார். சில காலத்தில் எல்லோரையும் மிஞ்சினார் என்று அபுல் ஃபஸல் எழுதியிருக்கிறார். பிறகு மனநோய் வந்து தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார் என்பதையும் அவரே பதிவு செய்திருக்கிறார். 1580-களில் நம் மகாபாரதம் ரஸ்ம்நாமா என்ற பெயரில் பாரசீகத்துக்குப் போனபோது அதற்குப் படம் போட்டவர்களில் தஸ்வந்தும் உண்டு. அந்தச் சுவடியில் கோடு போட்டவர் யார், வண்ணம் தீட்டியவர் யார் என்று ஓரத்தில் எழுத்தர்கள் குறித்து வைத்தார்கள். அந்தச் சிறு குறிப்பால்தான் ஒரு பல்லக்குத் தூக்கியின் மகன் வரைந்தவை எவை என்று இன்று நமக்குத் தெரிகிறது.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். 1965-இல் டெஹ்ரானில் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் 'கானூன்' என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. நூலகம், புத்தகம், சினிமா எல்லாம் அதற்குள். அது 1968-இல் வெளியிட்ட 'சின்னக் கறுப்பு மீன்' உலகப் புகழ் பெற்றது. ஓடையில் வாழும் குட்டி மீன் ஒன்று, இந்த ஓடை எங்கே முடிகிறது என்று பார்க்கக் கிளம்பும் கதை. எழுதிய சமத் பெஹ்ரங்கி கிராமப் பள்ளி ஆசிரியர். அதே ஆண்டு அராஸ் ஆற்றில் மூழ்கி இறந்தார், வயது 29. படம் வரைந்தவர் ஃபர்ஷித் மெஸ்காலி. அச்சுக்கட்டையால் ஒற்றி எடுத்தது போன்ற முரட்டுக் கோடுகள், இரண்டு மூன்று வண்ணங்கள், அவ்வளவுதான். சிறுவர் நூல் ஓவியத்துக்கு உலகிலேயே பெரிய விருதான ஆண்டர்சன் விருது 1974-இல் அவருக்குக் கிடைத்தது.

அதே கானூனில்தான் இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமியும் படமெடுக்கத் தொடங்கினார். அவர் நல்ல புகைப்படக்காரரும்கூட. வெண்பனியில் கறுப்புக் கோடாக நிற்கும் மரங்களை அவர் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். மஜித் மஜிதி 1997-இல் எடுத்த, ஒரு ஜோடிக் காலணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் அண்ணன் தங்கை கதை, 2022-இல் 'அக்கா குருவி' என்று தமிழிலேயே வந்தது.

பெண்களில் மோனிர் ஃபர்மான்ஃபர்மாயன் என்பவரைச் சொல்ல வேண்டும். ஷிராஸில் ஷா சிராக் தர்காவின் உள்சுவர் முழுக்கப் பதித்திருக்கும் கண்ணாடித் துண்டுகளைப் பார்த்து நெகிழ்ந்தவர், கைவினைஞர்களைச் சேர்த்துக்கொண்டு அறுகோணம், எண்கோணம் என்று கண்ணாடிச் சில்லுகளில் படைக்கத் தொடங்கினார். மார்கழி வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போட்ட நம் பெண்களுக்கு அந்தக் கணக்கை விளக்கவே வேண்டாம், பார்த்ததும் பிடிபட்டுவிடும். 1979 புரட்சிக்குப் பின் பல ஆண்டுகள் நியூயார்க்கில் இருந்தார். 2004-இல் ஊர் திரும்பினார். 2017-இல் டெஹ்ரானில் அவர் பெயரிலேயே அருங்காட்சியகம் திறந்தது. 2019-இல் காலமானார்.

நியூஷா தவகோலியன் 1981-இல் பிறந்தவர். 16 வயதிலேயே பத்திரிகைப் புகைப்படக்காரர். ஈரானில் ஆண்களும் இருக்கும் அவையில் பெண் தனித்துப் பாட அனுமதி இல்லை. அவர் பாடகிகளை அழைத்து, கண்மூடி உருகிப் பாடும் நிலையில் படமெடுத்தார். வெளிவரவே முடியாத அவர்களின் இசைத்தட்டுகளுக்குக் கற்பனையாக அட்டைப் படமும் செய்தார். கே.பி.சுந்தராம்பாளையும் எம்.எஸ்.ஸையும் கேட்டு வளர்ந்த நமக்கு, சத்தமே இல்லாத அந்தப் படங்களைப் பார்க்கும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும்.

என்னை அதிகம் பாதித்தது ஜஹாங்கீர் ரஸ்மியின் படம். 1979 ஆகஸ்ட் 27, சனந்தஜ் விமான நிலையம். குர்து இனத்தவர் 11 பேரை நிறுத்தி வைத்துச் சுட்டார்கள். ரஸ்மி அதைப் படமெடுத்தார். அவர் வேலை செய்த நாளிதழ் படத்தை வெளியிட்டது, பெயரை வெளியிடவில்லை. வெளியிட்டிருந்தால் அவர் கதி என்னவாகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. படம் உலகம் சுற்றியது. 1980-இல் அமெரிக்காவின் புலிட்சர் பரிசு, 'பெயர் தெரியாத புகைப்படக்காரர்' என்று குறித்து அந்தப் படத்துக்கு வழங்கப்பட்டது. எடுத்தவர் பெயர் வெளியே வந்தது 2006-இல்தான். 27 ஆண்டுகள் தன் படத்தைத் தன்னுடையது என்று சொல்லாமல் ஒரு மனிதர் இருந்திருக்கிறார்.

ரஸ்மியின் பெயர் மறைந்ததற்கு உயிர் பயம் காரணம். இன்று நம் கைப்பேசிகளில் தினமும் வந்து விழும் அழகான படங்களில் பெயர் இல்லாததற்கு அப்படி எந்தக் காரணமும் இல்லை. யாரோ பெயரை வெட்டிவிட்டு அனுப்புகிறார்கள். நாம் 'காலை வணக்கம்' எழுதி அடுத்தவருக்குத் தள்ளுகிறோம். அக்பரின் எழுத்தர் செய்ததை நாமும் செய்யலாம். ஓரத்தில் ஒரு பெயர், அவ்வளவுதான். இந்தக் கட்டுரையில் உள்ள பெயர்களைக் கைப்பேசியில் வாயால் சொன்னாலே பெரும்பாலும் படங்கள் வந்துவிடும். பிடித்ததைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டும்போது வரைந்தவர் பெயரையும் சொல்லிக் காட்டுங்கள்.

நம் ஊர்ப் பொம்மைகளுக்கும் இதையே சொல்வேன். அவை எந்தெந்த ஊர் அலமாரியிலோ உட்கார்ந்திருக்கின்றன. வண்ணம் தீட்டிய அம்மாவின் பெயர் எந்தப் பொம்மையின் அடியிலும் இருந்து நான் பார்த்ததில்லை. சூளைக்குப் போகுமுன் ஈர மண்ணில் ஒரு குச்சியால் இரண்டெழுத்து கீறுவதற்கு என்ன செலவாகிவிடும்? தொழிற்பேட்டையில் பட்டறை நடத்தும் நண்பர்கள் யோசிக்கலாம்.